மலை ஏறும் ஜீப்புக்கு எந்த டேங்க்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடும் பழைய டீசல் ஜீப் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இதுவரை மூன்று டீசல் டேங்க் மாறியாகிவிட்டது. முதலாவது வண்டியோடு வந்தது, துருப்பிடித்துப் போனது. இரண்டாவது நானே ஆசைப்பட்டுச் செய்து கெடுத்துக்கொண்டது. மூன்றாவதுதான் இப்போது ஓடுகிறது. இந்தக் கதையைக் கேட்டவர்கள் தங்கள் ஜீப்புக்கும் மாருதி ஜிப்சிக்கும் மஹிந்திரா தாருக்கும் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பழைய டேங்க் ஒழுகுகிறது. அடைத்தால் போதாதா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். குழாய் சேரும் இடம், அளவு காட்டும் மிதவையின் வாஷர், வடிகால் போல்ட் என்றால் டேங்க் மேல் பழியில்லை. வாஷரை மாற்றினால் தீர்ந்தது. கல் தட்டி ஒரே இடத்தில் பொத்தல் என்றாலும் சரிசெய்யலாம்.

டேங்கைத் தாங்கும் பட்டை அழுத்தியிருக்கும் இடத்திலோ அடித்தகட்டின் ஓரத்திலோ கசிந்தால் கதை வேறு. நம் ஊரில் டேங்க் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் சுற்றிலும் மெதுவாகக் குத்திப் பாருங்கள். தகடு அப்பளம் மாதிரி நொறுங்கினால் இன்று ஒரு ஓட்டையை அடைப்பீர்கள், அடுத்த மழைக்குள் நாலு ஓட்டை வரும். ஃபில்டரில் செந்தூள் படிந்திருந்தால் துரு உள்ளேயும் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றிவிடுங்கள்.

காலி டேங்க்தானே, கழற்றிக் கொடுத்தால் வெல்டிங் வைத்துத் தருவார்களே?

நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்தானது. எரிவது திரவமல்ல, ஆவி. காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். டீசல்தானே என்ற அலட்சியமும் வேண்டாம். வெல்டிங் சூட்டில் தகட்டில் ஒட்டியிருக்கும் டீசலும் ஆவியாகும். ஒரு முறை தண்ணீர் விட்டு அலசிவிட்டோம் என்று சொல்லும் பட்டறையில் கொடுக்காதீர்கள். சோப்புத்தண்ணீரும் நீராவியும் விட்டுப் பலமுறை கழுவி, வேலை நடக்கும்போது உள்ளே ஆர்கான் மாதிரி எரியாத வாயு நிரப்பி வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் புது டேங்க்தான் வழி.

எத்தனை லிட்டர் போடலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என்னைக் கேட்டால் கடைசியில் கேட்க வேண்டியது. நம் மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்தான். ஆரல்வாய்மொழியில் கிளம்பினால் களியக்காவிளை வரை வழியெல்லாம் பங்க். பேச்சிப்பாறைக்கு மேலே, கீரிப்பாறைக்கு உள்ளே, மாறாமலைப் பக்கம் போனால்தான் பங்க் கிடையாது. அங்கேயும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடும் தூரம்தான்.

ஜிப்சியில் கம்பெனி டேங்க் 40 லிட்டர். 2020-ல் வந்த தாரில் 57 லிட்டர். மலையில் முதல் கியரில் ஊர்ந்தால் மைலேஜ் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாள் வேலைக்கு இது தாராளம். லடாக் போகிறேன், ராஜஸ்தான் போகிறேன் என்பவர்களுக்கு 80, 90 லிட்டர் நியாயம். தோட்டத்துக்குப் போய் ஒட்டுப்பாலும் ஷீட்டும் ஏற்றி வருபவருக்குப் பெரிய டேங்க் வெறும் சுமை.

சுமை என்றால் எவ்வளவு? ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், பெட்ரோல் 740 கிராம். 60 லிட்டர் டீசல் ஐம்பது கிலோ. 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்த 65 லிட்டர் டேங்கே உள்ளே வைக்கும் தடுப்புத் தகடுகள் சேர்க்காமல் 17 கிலோ வரும். இரண்டையும் சேர்த்தால் ஒரு ஆளைப் பின் அச்சுக்கும் பின்னால் நிரந்தரமாக உட்கார வைத்த மாதிரி. ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிறது என்று பிறகு புலம்புவார்கள்.

கொள்ளளவு பார்ப்பது எளிது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 75 × 35 × 25 என்றால் 65.6 லிட்டர். அதில் மேலே வெயிலில் விரிய இடம், கீழே உறிஞ்சு குழாய்க்கு எட்டாத வண்டல், இரண்டும் போகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரும்பா, எஸ்.எஸ். என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

முதலில் என் இரண்டாவது டேங்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு துருப்பிடித்த கோபத்தில், துருவே பிடிக்காத ஜி.ஐ. தகட்டில் செய்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. சில மாதங்களில் ஃபில்டர் அடைக்க ஆரம்பித்தது. மாற்றினேன், மறுபடி அடைத்தது. பம்ப்பைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பிசின் மாதிரி ஒன்றை விரலில் எடுத்துக் காட்டினார். ஜி.ஐ. தகட்டின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது டீசலில் இருக்கும் அமிலங்களோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகி ஃபில்டரிலும் இன்ஜெக்டரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது டீசலுக்கும் நல்லது என்று நினைத்தது என் தவறு, செய்து கொடுத்தவரும் தடுக்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஜி.ஐ. ஆகாது.

சாதாரண இரும்புத் தகடு செய்ய எளிது, அடி தாங்கும், எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். உப்புக்காற்றுதான் அதற்குப் பகை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீடு இருந்தால் வெளியே நல்ல எப்பாக்ஸி பெயின்ட் இல்லாமல் இரும்பைப் போடாதீர்கள். கல் தெறித்துப் பெயின்ட் உரிந்த இடத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது தொட்டுவிட வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. இடவப்பாதியில் நனைந்த வண்டி முழுக்கக் காய்வதற்குள் ஐப்பசி வந்துவிடும்.

எஸ்.எஸ். துருவுக்கு நல்லது. ஆனால் மெலிந்த தகட்டில் செய்தால் குலுக்கலில் வெல்டிங் ஓரமாக முடி மாதிரி விரிசல் விடும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

அலுமினியம் எடை குறைவு. 3 மில்லிமீட்டர் தகட்டில் அதே 65 லிட்டர் டேங்க் ஒன்பது கிலோவுக்குள் அடங்கும். டீசலுக்குப் பொருந்தும். இரும்புச் சேஸிஸை நேராகத் தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே ரப்பர் இருக்க வேண்டும். பித்தளை இணைப்புகளை அதில் திருகாதீர்கள், அங்கேயும் இதே கதைதான்.

கம்பெனி பிளாஸ்டிக் டேங்க் உங்கள் வண்டி மாடலுக்கே கிடைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். துருவே இல்லை, கல் பட்டால் வளைந்து கொடுக்கும். இதன் குறை, உங்கள் இஷ்டத்துக்கு வடிவம் மாற்ற முடியாது என்பதுதான். ஆசிட் கேன், தண்ணீர் கேன் இவற்றை வெட்டி டேங்க் ஆக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

குளச்சலில் படகு வேலை செய்பவர்கள் ஃபைபரில் செய்து தருகிறோம் என்கிறார்கள். நல்லதா?

படகுக்காரர்களின் கைத்திறனில் சந்தேகமே இல்லை. எஸ்.எஸ். வெல்டிங்குக்கு நானே அந்தப் பக்கம்தான் போனேன். ஆனால் ஃபைபர் டேங்க் வேண்டாம், அதுவும் பெட்ரோல் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். படகு வேலைக்குப் பயன்படும் சாதாரண பாலியெஸ்டர் பிசினை எத்தனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்தது எஞ்சினுக்குள் போய் வால்வில் ஒட்டும். இன்னொன்று, படகின் டேங்க் எஞ்சின் அறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் செம்பாறையோ உருளைக்கல்லோ மோதுவதில்லை.

304 ரக எஸ்.எஸ். என்று சொல்லித் தருகிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா?

தெரியாது. விலை குறைந்த 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. கடையில் சோதனைத் துளிமருந்து இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலோரத்தில் 202 பழுப்பு வடிய ஆரம்பிக்க ரொம்ப நாள் ஆகாது.

ஏற்றத்தில் கால் டேங்க் இருக்கும்போதே எஞ்சின் இருமுகிறது. தடுப்புத் தகடு வைத்தால் சரியாகுமா?

இது நல்ல கேள்வி. பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். தடுப்புத் தகடு எரிபொருள் அலைவதைத்தான் குறைக்கும். குண்டும் குழியுமான பாதையிலும் பிரேக் பிடிக்கும்போதும் அது தேவை, அதில் சந்தேகமில்லை. மூலைகளை வெட்டி, நடுவே துளையிட்டு வைத்தால் டீசல் மெதுவாக நகரும், டேங்க் சுவரும் அதிராது. ஆனால் வண்டி ஏற்றத்தில் சாய்ந்தபடியே நின்றால் துளைகள் வழியாக எல்லாம் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். தடுப்பு அப்போது என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 75 × 35 × 25 டேங்கின் நீளம் வண்டியின் நீளவாட்டில் இருக்கிறது. உறிஞ்சு குழாய் நடுவில். 30 டிகிரி ஏற்றம், உள்ளே பத்து லிட்டர். இப்போது டீசல் பின்சுவரிலிருந்து ஒரு அடி தூரம் வரைதான் இருக்கும். நடுவில் இருக்கும் குழாய் காற்றைத்தான் உறிஞ்சும். டீசல் எஞ்சினில் ஒரு முறை காற்று ஏறினால் ஏற்றத்திலேயே நின்று ஏர் எடுக்க வேண்டும். பின்னால் லோடு, கீழே வளைவு. எனக்கு அந்த அனுபவம் போதும்.

வழி இரண்டு. ஒன்று, டேங்கைக் குறுக்கே வையுங்கள். 75 சென்டிமீட்டர் இடமிருந்து வலமாக, 35 முன்னும் பின்னுமாக. ஏற்றத்தில் டீசல் ஓடிப்போக இடம் பாதிக்கும் குறைவு. பக்கவாட்டில் சாயும்போது பிரச்சினை வராதா என்பீர்கள். வரும், ஆனால் அந்த அளவு பக்கவாட்டில் சாய்ந்தால் டீசலை விடப் பெரிய கவலைகள் இருக்கும். இரண்டு, டேங்கின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி வைத்து, உறிஞ்சு குழாயை அதற்குள் இறக்குங்கள். குழியைச் சுற்றி ஒரு சிறு பெட்டி, உள்ளே வரும் திசையில் மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு. வந்த டீசல் வெளியே போகாது. குழாயின் நுனி அடித்தகட்டிலிருந்து பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் வண்டலையும் தண்ணீரையும் குடிக்கும்.

டீசல் வண்டியில் எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயை மறந்துவிடாதீர்கள். அது சூடான, நுரைத்த டீசலைக் கொண்டுவரும். உறிஞ்சு குழாயை விட்டு எட்ட, நடுவே ஒரு தடுப்பு இருக்கும்படி வையுங்கள்.

பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும் வண்டி என்றால்?

எம்.பி.எஃப்.ஐ., அதாவது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். அந்தப் பம்ப்பின் உயரத்துக்குத் தக்கபடிதான் டேங்கின் உயரம் இருக்க வேண்டும். டேங்கைச் செய்துவிட்டுப் பம்ப்பைத் தேடினால் ஒன்று எட்டாது, அல்லது இடிக்கும். பம்ப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள். உள்ளே முழுகிக் கிடக்கும் ஓஸ் வேறு ரகம், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்று அச்சடித்திருக்கும். வெளியே ஓடும் உயரழுத்த ஓஸுக்கு ஆர்9. ஆர்9-ஐ உள்ளே போட்டால் வெளித்தோல் ஊறி உப்பிவிடும்.

ஓடையைக் கடக்கும்போது டேங்குக்குள் தண்ணீர் போய்விட்டது. எப்படி?

மூச்சுக்குழாய் வழியாக. எரிபொருள் குறையக் குறையக் காற்று உள்ளே வந்தாக வேண்டும், இல்லையென்றால் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்கத் திணறும். சூடாக இருக்கும் டேங்க் சட்டென்று குளிர்ந்த ஓடைத்தண்ணீரில் முழுகும்போது உள்ளே காற்று சுருங்கி ஒரு மிடறு உறிஞ்சும். குழாயின் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் வருவது தண்ணீர். பட்டறையில் டேங்கின் தலையிலேயே ஒரு சின்னக் குழாயை வைத்து, அப்படியே விட்டுவிடுவார்கள். அதை ஓஸ் போட்டு இருக்கைக்கு மேல் உயரம் வரை, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வெளியே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்து, சிறு ஃபில்டர் மாட்டுங்கள். வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்றும் அந்தப் பாதையில் கட்டாயம் வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக்குடுவைக்குப் போகும் ஆவிக்குழாய் இருந்தால் அதை வெட்டிவிடாமல் அப்படியே இணையுங்கள்.

நிரப்பும் வாய்க்கும் தனியாக ஒரு காற்றுக்குழாய் வேண்டும். அது இல்லாத டேங்கில் பங்க்கில் எண்ணெய் விடும் துப்பாக்கி டிக் டிக் என்று நின்றுகொண்டே இருக்கும், பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.

ஓடையே தாண்டாவிட்டாலும் தண்ணீர் சேரும். மலையோர இரவுக் குளிரில் பாதி காலியான டேங்கின் சுவரில் வியர்க்கும். அதனால் தோட்டத்து வண்டியைச் சாயங்காலம் நிரப்பி நிறுத்துவது நல்லது. அடியில் வடிகால் போல்ட் இருந்தால் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள்.

எப்படி மாட்டுவது?

பஞ்சும் ஸ்பாஞ்சும் வைக்காதீர்கள். என் முதல் டேங்க் பட்டைக்கு அடியில் இருந்த பட்டுப்போன ஸ்பாஞ்சால்தான் போனது. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டை வருடக்கணக்கில் நனைத்தது. கெட்டி ரப்பர் போடுங்கள். ரப்பர் விளையும் ஊரில் இதற்குப் பஞ்சமா?

மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். நாலு மூலையிலும் இறுக்கி போல்ட் போட்டால் அந்த முறுக்கல் டேங்க் வெல்டிங்கில் வந்து சேரும். மூன்று இடத்தில் பிடித்து, அதில் ஒன்று கொஞ்சம் அசைய விட்டால் போதும். அடியில் நாலு, ஐந்து மில்லிமீட்டர் காப்புத் தகடு. அது டேங்கைத் தொடாமல் விரலளவு இடைவெளியோடு இருக்கட்டும். சேறும் தண்ணீரும் வெளியேறத் துளைகள் வையுங்கள். சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் நடுவே சூடு தடுக்க ஒரு தகடு. உலோக டேங்க் என்றால் ரப்பர் மேல் உட்காருவதால் டேங்கிலிருந்தும் நிரப்பும் வாயிலிருந்தும் சேஸிஸுக்கு எர்த் ஒயர் கொடுத்துவிடுங்கள்.

புது டேங்கில் பெட்ரோல் முள் தலைகீழாகக் காட்டுகிறது!

மிதவையின் மின்தடையும் மீட்டரின் மின்தடையும் ஒத்துப்போகவில்லை. சில வகையில் காலி டேங்குக்கு அதிக ஓம், சிலவற்றில் நிறைந்த டேங்குக்கு. பழைய மிதவையையே புது டேங்கில் மாட்டி, புது உயரத்துக்குத் தக்கபடி கம்பியை வளைப்பது சுலபமான வழி.

ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

அதே அளவில், அதே இடத்தில் மாற்று டேங்க் போடுவது உதிரிபாகம் மாற்றுவது மாதிரிதான். பெரிதாக்கி இடம் மாற்றினால் அது வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 இதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. டிஎன் 74 ஆனாலும் 75 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். அதனால் வெட்டுவதற்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு அல்ல. இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தீப்பிடித்த வண்டிக்கு இழப்பீடு கேட்கப் போகும்போது அவர்கள் முதலில் பார்ப்பது எரிபொருள் அமைப்பைத்தான். தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிறது என்ற சமாதானம், தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் நிமிடத்தில் முடிந்துவிடும்.

பட்டறையிலிருந்து எடுக்கும் முன் என்ன சோதனை?

எல்லாத் துளையையும் அடைத்து, 2 முதல் 3 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து, வெல்டிங் முழுக்கச் சோப்புநுரை தடவுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் தட்டையான பக்கங்கள் பலாப்பழம் மாதிரி உப்பும். டயருக்குக் காற்றடிக்கிற பழக்கத்தில் 30 கொடுத்து டேங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. பிறகு உள்ளே இருக்கும் வெல்டிங் தூளையும் அரவைப் பொடியையும் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்கப்புறம்தான் மாட்டுவது.

காட்டுக்குள் ஒழுக ஆரம்பித்தால்?

துணி துவைக்கும் பார் சோப்பைக் கசியும் இடத்தில் அழுத்தித் தேய்த்து அப்புங்கள். பெட்ரோலும் டீசலும் சோப்பைக் கரைக்காது, வீடு வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்கும். மழையில் மட்டும் கரையும், அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கட்டுங்கள். பீடி பிடிப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

டேங்க் சிறியதாகவே இருக்கட்டும், கேனில் கொண்டு போகலாமா?

டீசல் என்றால் 20 லிட்டர் உலோக ஜெர்ரி கேன் ஒன்று போதும். பெட்ரோலைத் தவிர்ப்பது நல்லது. கொண்டு போயே ஆக வேண்டுமென்றால் மூடி இறுகும் உலோகக் கேனில், ஆட்கள் உட்காராத இடத்தில், பட்டை போட்டுக் கட்டி. குடிதண்ணீர் கேனில் ஒருபோதும் வேண்டாம்.

மாட்டியாகிவிட்டது. முதல் வாரம் என்ன பார்க்க வேண்டும்?

முதல் முறை நிரப்பும்போது மொத்தமாக ஊற்றாமல் ஐந்து ஐந்து லிட்டராக விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஐந்துக்கும் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டை போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஃபில்டரை ஒரு முறை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், என்ன கழுவினாலும் கொஞ்சம் தூள் வரத்தான் செய்யும். என் வண்டியில் நிரப்பும் வாய் நேராக இறங்குவதால் ஒரு கமுகு வரிச்சைச் சீவி, ஐந்து லிட்டருக்கு ஒரு வெட்டு போட்டு இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். மீட்டர் வேலை செய்யாமல் இரண்டு வருடமாகிறது, அந்த வரிச்சை வைத்துத்தான் மலை ஏறி இறங்குகிறேன்.